ஊருக்கு டிக்கெட்: செயலியா, விமான நிறுவனத் தளமா, தேக்கா ஏஜென்டா?

சென்னை, திருச்சி, மதுரை, கோவை, எந்த ஊராக இருந்தாலும் சிங்கப்பூரில் டிக்கெட் எடுக்க மூன்று வழி இருக்கிறது. பயணச் செயலி, விமான நிறுவனத்தின் சொந்தத் தளம், தேக்காவில், அதாவது சிராங்கூன் சாலைப் பக்கத்தில் இருக்கும் ஏஜென்ட். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேடுவது செயலியில், வாங்குவது விமான நிறுவனத் தளத்தில். ஹோட்டலுக்கு மட்டும் வேறு கணக்கு.

விலையைப் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையும் தீபாவளியும் பொங்கலும் வந்தால் எங்கே தேடினாலும் ஏறித்தான் கிடக்கும். ஒரே நாளுக்கு எல்லா நிறுவனங்களையும் வரிசையாகப் பார்க்கச் செயலிதான் வசதி. ஆனால் பட்டியலில் மேலே நிற்கும் மலிவு விலை பெரும்பாலும் பெட்டி இல்லாத விலை. கோடரித் தைலமும் மைலோவும் இல்லாமல் ஊருக்குப் போகிறவர் யார்? 20 கிலோவைச் சேர்த்த பிறகு ஒப்பிடுங்கள், வரிசையே மாறிவிடும். கைப்பை எடையும் ஒன்றுபோல் இல்லை: ஸ்கூட்டில் 10 கிலோ, இண்டிகோவில் 7.

கடன் அட்டையையும் கவனிக்க வேண்டும். செயலியின் நிறுவனம் வெளிநாட்டில் பதிவாகியிருந்தால், தொகை சிங்கப்பூர் வெள்ளியில் காட்டப்பட்டாலும் இங்குள்ள வங்கிகள் பல சுமார் 1% கட்டணம் போடும். ரூபாயில் கட்டினால் அது 3 சதவீதத்தைத் தாண்டும். செயலியில் 280 வெள்ளி, நேரடித் தளத்தில் 295 என்று வைத்துக்கொள்வோம். 15 வெள்ளி லாபத்தில் 2.80 அங்கேயே போய்விட்டது. மிச்சமிருக்கும் 12 வெள்ளிக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

விட்டுக்கொடுப்பது டிக்கெட்டின் மீதான பிடியை. நேரடியாக வாங்கினால் தேதி மாற்றம், பெயர்த் திருத்தம், ரத்து எல்லாம் உங்களுக்கும் விமான நிறுவனத்துக்கும் இடையில் முடிந்துவிடும். செயலியில் வாங்கினால் விமான நிறுவனத்தின் பார்வையில் அதை விற்றவர் ஒரு ஏஜென்ட். எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், ‘வாங்கிய இடத்தில் கேளுங்கள்’.

பணம் கட்டியதும் செயலி ஒரு எண்ணைக் காட்டும். அது செயலியின் ஆர்டர் எண். விமான நிறுவனத்துக்கு அது தெரியாது. உங்களுக்கு வேண்டியது பிஎன்ஆர், அதாவது எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் கொண்ட, விமான நிறுவனத்தின் முன்பதிவுக் குறியீடு. மலிவுக் கட்டண வகையைச் சேராத முழுச்சேவை நிறுவனங்களில் கூடவே 13 இலக்க இ-டிக்கெட் எண்ணும் வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் 618, ஏர் இந்தியா என்றால் 098 என்று தொடங்கும். பிஎன்ஆர் இருந்தும் இ-டிக்கெட் எண் வரவில்லை என்றால் இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள், டிக்கெட் இன்னும் அடிக்கவில்லை என்று பொருள். பணம் வாங்கிக்கொண்டு பிறகு டிக்கெட் அடிக்கும் செயலிகளில் அந்த இடைவெளியில் விலை ஏறி, ‘உறுதிசெய்ய முடியவில்லை’ என்ற செய்தி வருவதும் உண்டு.

ஆகவே பிஎன்ஆர் கையில் வந்ததும் விமான நிறுவனத் தளத்தில் முன்பதிவைப் பார்க்கும் பக்கத்துக்குப் போய், பிஎன்ஆரும் குடும்பப் பெயரும் போட்டுத் திறந்து பாருங்கள். பெயர், தேதி, பெட்டியின் எடை மூன்றும் அங்கே இருக்க வேண்டும். செயலியில் பணம் கட்டிய 20 கிலோ அங்கே தெரியவில்லை என்றால் சாங்கி கவுன்டரிலும் தெரியாது. அங்கே வாங்கும் கிலோ, முன்கூட்டி வாங்குவதைவிட விலை கூடுதல்.

அதே பக்கத்தில் தொடர்பு விவரத்தையும் பார்க்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். சில செயலிகள் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் தங்களுடைய முகவரியை விமான நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. இரவு 10 மணி விமானத்தை மாலை 7 மணிக்கு மாற்றினால் அறிவிப்பு செயலிக்குப் போகும். அவர்கள் உடனே அனுப்பினால் சரி. அனுப்பத் தாமதித்தால் நீங்கள் சாவகாசமாகச் சாப்பிட்டுக் கிளம்பும்போது விமானம் கடலைத் தாண்டியிருக்கும். தளம் அனுமதித்தால் உங்கள் கைத்தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

பணம் திரும்பி வருவதிலும் இதே சுற்றுதான். விமான நிறுவனமே ரத்து செய்தாலும் பணம் முதலில் ஏஜென்டுக்குப் போய், அங்கிருந்து உங்கள் அட்டைக்கு வரும். நீங்களாக ரத்து செய்தால் விமான நிறுவனம் பிடிப்பது போக, செயலியும் தன் சேவைக் கட்டணத்தைப் பிடிக்கலாம். அட்டைக்குத் தராமல் செயலியின் பணப்பையில் போடுகிறார்களா என்பதையும் ரத்து பொத்தானை அழுத்துமுன் படித்துவிடுங்கள்.

நம்மவர்களுக்குப் பெயர் ஒரு தனித் தலைவலி. சிங்கப்பூர்க் கடப்பிதழில் முழுப்பெயரும் ஒரே வரியில் இருக்கும், நடுவே ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’. முன்பதிவுப் படிவத்தின் பெயர்க் கட்டம் சாய்கோட்டை ஏற்காது. அதை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் போட வேண்டும். இந்தியக் கடப்பிதழில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பவர்கள் பலர். அதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு: ஒன்று இருக்கும் பெயரையே இரண்டு பெயர்க் கட்டத்திலும் போடச் சொல்லும், இன்னொன்று வேறு மாதிரி கேட்கும். நேரடித் தளத்தில் அந்த விதி பெரும்பாலும் உதவிப் பக்கத்தில் இருக்கும். செயலியோ எல்லா நிறுவனத்துக்கும் ஒரே படிவத்தை நீட்டும், காலியாக விட்டால் சிவப்புக் கோடு போடும். தப்பாகப் போய்விட்டால் ஓரிரு எழுத்துத் திருத்தத்துக்கும் செயலியின் அரட்டைப் பெட்டியில் காத்துக் கிடக்க வேண்டும்.

கோலாலம்பூர் வழியாக மிக மலிவாக ஒன்று தெரிந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். ‘சுயமாக மாறுதல்’ என்ற சிறு எழுத்து இருந்தால் அவை இரண்டு தனி டிக்கெட்டுகள். அங்கே மலேசியக் குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். இந்தியக் கடப்பிதழ் என்றால் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையும் நிரப்ப வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பில்லை. செயலியே தரும் ‘இணைப்பு உத்தரவாதம்’ செயலிக்குச் செயலி மாறும்; நிபந்தனையைப் படிக்காமல் நம்பக்கூடாது.

ஏஜென்டை இந்தக் காலத்தில் எதற்கு என்பார்கள். சக்கர நாற்காலி தேவைப்படும் அப்பத்தாவும் கைக்குழந்தையும் பத்து உறவினரும் ஒரே பிஎன்ஆரில் போக வேண்டும் என்றால் நான் தேக்காவுக்குத்தான் போவேன். சக்கர நாற்காலிக்கு விமான நிறுவன அமைப்பில் தனிக் குறியீடு உண்டு: படி ஏறக்கூடியவருக்கு ஒன்று, ஏற முடியாதவருக்கு ஒன்று, இருக்கைவரை தள்ளிக்கொண்டு போக வேண்டியவருக்கு ஒன்று. செயலியில் ‘சிறப்புக் கோரிக்கை’ என்று எழுதினால் அது சில நேரம் வெறும் குறிப்பாகவே நின்றுவிடும். ஏஜென்ட் குறியீட்டையே போட்டு அச்செடுத்துத் தருவார். சேவைக் கட்டணம் வாங்குவார், வாங்கட்டும். சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். தகராறு வந்தால் 20,000 வெள்ளி வரையான கோரிக்கையைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம்; எதிராளி இங்கே கடை வைத்திருப்பவர் என்றால் அது சுலபம்.

ஹோட்டலில் செயலி ஜெயிப்பது இலவச ரத்து வசதியால். அறை பிடித்துவைத்துக்கொண்டு, விமானம் உறுதியானதும் முடிவெடுக்கலாம். கெடு பொதுவாக ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி. இந்தியாவில் இரவு 11.59 என்றால் இங்கே அதிகாலை 2.29. சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர் இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல் அவர் விவரத்தை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும்; ‘ஃபார்ம் சி’ என்று அறியப்பட்ட பதிவு அது. அந்த வேலையே வேண்டாம் என்று வெளிநாட்டுக் கடப்பிதழைத் திருப்பி அனுப்பும் சிறிய லாட்ஜுகள் உண்டு, செயலியில் பணம் கட்டியிருந்தாலும். முன்பதிவு செய்த அன்றே செயலியின் செய்திப் பெட்டியில் ஹோட்டலிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். மறுத்தால் இலவச ரத்துக் கெடுவுக்குள் வேறு இடம் பார்க்கலாம்.