பேஜ் ஊரில் ஒரே ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வடக்கு ஓரத்தில் இருக்கும் பேஜ், 1957இல் கிளென் கேன்யன் அணை கட்ட வந்தவர்களுக்காக உருவான ஊர். ஃபீனிக்ஸில் இருக்கும் எங்களைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் அங்கே ஒரு நாள் போய்வர ஆசைப்படுகிறார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ஹார்ஸ்ஷூ பெண்ட். கொலராடோ ஆறு லாடம்போல் வளைவதைச் சுமார் ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்க்கிறோம். கார் நிறுத்தும் இடம் நகராட்சியுடையது, கட்டணம் 10 டாலர். தேசியப் பூங்கா பாஸ் செல்லாது. போய்வர ஒன்றரை மைல் நடை. தடுப்புக் கம்பி விளிம்பில் கொஞ்ச தூரத்துக்குத்தான் இருக்கிறது, பிள்ளைகளின் கையை விட்டுவிடாதீர்கள். அரை மணி நேரம் பார்த்தால் போதும்.

அடுத்தது ஆன்டிலோப் கேன்யன், பாறைக்குள் நெளிந்து போகும் குறுகிய பள்ளத்தாக்கு. இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள். மேல் பகுதி, கீழ்ப் பகுதி என்று இரண்டு உண்டு. இரண்டுமே நவஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் நிலம்; அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. மேல் பகுதி ‘A’ எழுத்தைப் போல அடியில் அகன்று உச்சியில் குறுகியது. அதனால்தான் கோடை மாதங்களில் உச்சிப் பொழுதில் ஒளி ஒரே கற்றையாகக் கீழே விழுகிறது. தரை சமமான மணல். கீழ்ப் பகுதி அப்படியே தலைகீழ், ‘V’ வடிவம். செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்க வேண்டும். சில இடங்களில் ஒருக்களித்துத்தான் நகர முடியும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் மேல் பகுதிக்கே கூட்டிப் போனேன். திரும்பும் வழியில் மட்டும் கொஞ்சம் படிகள் உண்டு, நிதானமாக ஏறி இறங்கிவிட்டார். உள்ளே சுவரின் வளைவுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “ஆட்டுக்கல் குழி மாதிரி இருக்குடா, எத்தனை வருஷம் அரைச்சுதோ” என்றார். நடந்ததும் அதுதான். மழை வெள்ளம் மணலை அள்ளிவந்து பாறையை அரைத்துப் போட்ட வழி இது. அந்த வெள்ளம் இன்றும் வருகிறது. 1997 ஆகஸ்ட் 12 அன்று, தொலைவில் எங்கோ பெய்த மழையின் வெள்ளம் கீழ்ப் பகுதிக்குள் பாய்ந்து 11 பயணிகள் இறந்துபோனார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை வானிலை காரணமாகச் சுற்றுலாவை ரத்து செய்தால் தயவுசெய்து வாதாடாதீர்கள்.

வயதானவர்கள், கைக்குழந்தை இருந்தால் மேல் பகுதி. கால் திடமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப் பகுதி. டிக்கெட்டும் பொதுவாக மலிவு, நடையும் நீளம். இன்னொன்று: நவஹோ நிலத்தில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், பேஜில் தள்ளுவதில்லை. போன் தானாக மாறிக் காலை வாரிவிடும். முன்பதிவு எந்த நேரக் கணக்கில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் சொல்வது கயாக், அதாவது துடுப்பு போட்டுப் போகும் சின்னப் படகு. பேஜிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் லீஸ் ஃபெரி என்ற கொலராடோ ஆற்றுப் படகுத்துறை. அங்கே விசைப்படகில் நம்மையும் கயாக்கையும் ஏற்றி, ஆற்றில் மேலே கொண்டுபோய் விடுவார்கள். பிறகு நீரோட்டத்தோடு இறங்கி வர வேண்டியதுதான். அலை மோதும் பாய்ச்சல் கிடையாது, முதல்முறை துடுப்பு பிடிப்பவரும் சமாளிக்கலாம். அணையின் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் என்பதால் ஜூன் வெயிலிலும் கை விறைக்கும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது.

மேலே ஹார்ஸ்ஷூ பெண்டுக்கும் தாண்டி இறக்கிவிடச் சொல்லுங்கள். அப்போதுதான் அந்த லாட வளைவுக்குள்ளேயே மிதந்து வர முடியும். மேலிருந்து பார்த்தபோது பச்சை நாடாபோலத் தெரிந்த ஆறு, உள்ளே போனால் அடியில் பாசி அசைவது தெரியும் அளவுக்குத் தெளிவு. துடுப்பை மடியில் வைத்துவிட்டு அண்ணாந்தேன். விளிம்பில் கடுகு கடுகாக மனிதர்கள். போன வருடம் நானும் அங்கேதான் நின்றிருந்தேன். அன்று காதில் விழாத தண்ணீர்ச் சத்தம் இங்கே பாறையில் பட்டுத் திரும்பி வந்தது.

விடியற்காலையிலேயே லீஸ் ஃபெரி போய்ச் சேர்ந்துவிடுங்கள். பிற்பகலில் காற்று எதிர்த்து அடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும்.