இரட்டை பேண்ட் மொபைல் ரிக்: நெல்லை வெயிலிலும் மலையடியிலும் பழகியதில் தெரிந்தவை

காரில் மாட்டும் 50 வாட் ரிக்கைப் பற்றி, அதாவது ஹாம் வானொலிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசும் செட்டைப் பற்றி, யார் விசாரித்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கிலோமீட்டர் போகும்?" அதற்கு வாட்டை வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஆன்டெனா நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். அந்த ஆன்டெனாவுக்கு வானொலி அடிவானம் எவ்வளவு தூரம் என்பது கிலோமீட்டரில் கிடைக்கும். கார் கூரை தரையிலிருந்து 2 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். எதிர்முனையில் மாடிவீட்டில் 12 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் அங்கிருந்து 14. இரண்டையும் கூட்டினால் 20. அதைத் தாண்டிக் கேட்பதெல்லாம் மேடு பள்ளமும் காற்று மண்டலமும் செய்யும் உபகாரம்.

5 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 10 டெசிபெல் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் அளவு). எதிராளி செட்டின் சிக்னல் மீட்டரில் இரண்டு எஸ் புள்ளிகூட (அந்த மீட்டரின் கோடுகள்) முழுசாக ஏறாது. ஆகவே 50 வாட்டுக்காக மட்டும் இந்த வகை செட்டை வாங்காதீர்கள். அதன் ரிசீவருக்காகவும், இரண்டு பேண்டையும் (அதிர்வெண் பகுதிகளையும்) ஒரே நேரத்தில் கேட்கும் வசதிக்காகவும் வாங்குங்கள். இத்தனை வருஷம் பழகிய பிறகு என் முடிவு இதுதான்.

என்னிடம் இருப்பது ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் செட். 144 மெகாஹெர்ட்ஸ் (2 மீட்டர் பேண்ட்), 430 மெகாஹெர்ட்ஸ் (மேல் பேண்ட்) இரண்டும் உண்டு, முகப்பைத் தனியாகக் கழற்றி மாட்டலாம், இரண்டு ரிசீவர். 2019 கடைசியில் வாங்கியது. மாடல் பெயரைப் போடவில்லை. நான் எழுதுவதில் பெரும்பகுதி இந்த வகை செட் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் வயரிங். முழு பவரில் பேசும்போது 13.8 வோல்ட்டில் 11 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட் அதற்குத் தாங்காது. பேட்டரியிலிருந்தே நேராகத் தடித்த வயர் இழுத்து, பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டிலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட வேண்டும். வண்ணார்பேட்டையில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்தான் எனக்கு இதைச் செய்து கொடுத்தார். "அண்ணாச்சி, பாட்டுப் பெட்டிக்கா இவ்வளவு கனமான வயரு?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வரும் துளைக்கு ரப்பர் வளையம் போட்டு, வயர் மேல் பிளாஸ்டிக் குழாய் ஏற்றி, அவ்வளவு நேர்த்தியாக முடித்துக் கொடுத்தார். இன்றுவரை ஆல்டர்னேட்டர் சத்தம் ஒரு துளி ஆடியோவில் ஏறியதில்லை. இந்த வேலைக்குக் கொடுக்கும் கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

இனி வெயில். பாளையங்கோட்டையில் சித்திரை வைகாசி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மூடி நிறுத்திய காருக்குள் அது இன்னும் எங்கேயோ போய்விடும். செட் உள்ளே இழுப்பது 150 வாட், ஆன்டெனாவுக்குப் போவது 50. மீதி 100 வாட்டும் சூடாகத்தான் இறங்க வேண்டும். ஆரம்பத்தில் முகப்பு நீங்கலான செட்டின் உடற்பகுதி முன்சீட்டுக்கு அடியில் இருந்தது. மதியம் நாங்குநேரி ரோட்டில் நீளமாகப் பேசினால் சில நிமிஷத்தில் செட் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். இது பழுது அல்ல, தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. அப்புறம் அதைப் பின்சீட்டின் பின்பக்கம், சுற்றிலும் காற்றோட்டம் இருக்கும்படி, ஒரு அலுமினியத் தகட்டின்மேல் மாற்றினேன். கோடையில் நடு பவர் போதும் என்றும் வைத்துக்கொண்டேன். எதிராளிக்கு வித்தியாசமே தெரியாது.

மைக் ஒயரின் உறை மூன்றாவது கோடையில் வெடித்துப்போனது. பட்டன்களின் ரப்பர் பிசுபிசுக்க ஆரம்பித்தது. இந்த விலைக்கு விற்கும் பொருளில் இப்படி ஆகியிருக்கக் கூடாது என்பது என் வருத்தம். மாற்று மைக் கிடைக்கப் பல வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. செட்டின் உள்பாகத்தில் மட்டும் இதுவரை ஒரு குறையும் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை மேல்மூடியைத் திறந்து ஃபேனில் அடைந்த தூசியை பிரஷ்ஷால் தட்டி எடுப்பேன். உவரி, மணப்பாடு என்று கடற்கரைப் பக்கம் அதிகம் போகிறவர்கள் ஆன்டெனா கனெக்டரைச் சுற்றிச் சுயமாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றிவிடுங்கள். உப்புக்காற்று உள்ளே புகுந்தால் பச்சை பூத்துவிடும்.

ஆன்டெனாவைப் பற்றி விரிவாகவே எழுதலாம். 145 மெகாஹெர்ட்ஸை மூன்றால் பெருக்கினால் 435. அதனால் 50 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு சாதாரண கால்அலைக் கம்பி (அலைநீளத்தில் கால் பங்கு நீளம்), மேல் பேண்டில் முக்கால்அலைக் கம்பியாக வேலை செய்யும். ஒரே கம்பி இரண்டுக்கும் ஆகும். நீளமான கம்பி காகிதத்தில் அதிக கெயின் (சிக்னலைக் கூட்டிக் காட்டும் திறன்) காட்டும். ஆனால் நம் ரோடுகளுக்கு ஒத்துவராது. அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகிற வழியில் தாழ்ந்து தொங்கும் மரக்கிளைகளே போதும், அதை வளைத்துவிடும். நான் ஒரு மீட்டர் கம்பியைக் கழற்றிவிட்டு அரை மீட்டருக்கு வந்துவிட்டேன். காந்த அடி ஆன்டெனாவும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டியது. ஆடி மாதம் பணகுடி, காவல்கிணறு பக்கம் அடிக்கும் காற்றில் ஒரு நண்பரின் ஆன்டெனா கூரையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போனது. காற்றாலைகளை வரிசையாக நட்டிருக்கிற இடத்தில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? கூரையில் துளைபோட மனசு வராதவர்கள் டிக்கி மூடியில் திருகிப் பிடிக்கும் கிளாம்ப் போடலாம். அது நன்றாக நிற்கும்.

இதே செட்டை வீட்டில் வைப்பவர்கள் கேபிளில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 20 மீட்டர் இழுத்தால் 435 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 6 டெசிபெல் போய்விடும். 50 வாட்டில் மாடிக்குப் போய்ச் சேருவது நான்கில் ஒரு பங்கு. உள்ளே வரும் சிக்னலுக்கும் அதே கதி.

இரண்டு பேண்டில் எது எங்கே நல்லது என்பது ஊரைச் சுற்றித்தான் புரியும். டவுனில் நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளிலும் நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவிலும் மேல் பேண்ட் சுவரில் பட்டுப் பட்டு எப்படியோ வந்து சேரும். தோப்பும் துரவுமான இடங்களில், முக்கியமாக மழைக்குப் பிறகு இலை நனைந்திருக்கும்போது, அது மங்கிவிடும். அங்கே 2 மீட்டர் பேண்ட்தான் கைகொடுக்கும். காரையார் பக்கம் மலைக்கு ஒட்டிப் போய்விட்டால் இரண்டுமே அநேகமாகக் கிடையாது. அதே மலை மேலே ஏறினால் கதை தலைகீழ். வனத்துறை அனுமதியோடு மாஞ்சோலை போனபோது, 1000 மீட்டர் உயரத்தில் கிழக்கே திறந்த ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தி, மிகக் குறைந்த பவரில் கூப்பிட்டேன். கோவில்பட்டியிலிருந்து ஒரு நண்பர் கையடக்க செட்டிலேயே பதில் தந்தார்.

"அண்ணாச்சி, எங்கே இருக்கிய? பக்கத்துத் தெருவிலே நிக்கிற மாதிரி கேட்குது."

"மாஞ்சோலையிலே தம்பி. பவர் 5 வாட்தான்."

அந்த உயரத்துக்கு அடிவானம் 130 கிலோமீட்டர். 50 வாட் அங்கே தேவையே இல்லை.

விஜயநாராயணத்தைக் கடக்கும்போதெல்லாம் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் கோபுரங்களைப் பார்ப்பேன். 1990இல் தொடங்கிய நிலையம் அது. நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்ப, கடல்நீருக்குள்ளும் இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த அதிர்வெண் அங்கே. நம்முடைய அலையோ ஒரு குன்று குறுக்கே நின்றாலே நின்றுவிடும். ஒரே ரோட்டோரத்தில் இந்த இரண்டு எல்லைகளும் இருப்பது எனக்கு இன்னும் பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது.

மாசி, பங்குனியில் காற்று அசையாத விடியற்காலைகளில் கடலோரம் போய்ப் பாருங்கள். மன்னார் வளைகுடாவுக்கு மேலே சூடான காற்று படிந்தால் அலை அதற்கும் கடலுக்கும் நடுவில் சிக்கி நெடுந்தூரம் ஓடும். இலங்கை எஃப்எம் நிலையங்கள் கார் ரேடியோவில் தெளிவாக வந்தால் அதுதான் அடையாளம். உடனே 2 மீட்டர் பேண்டைத் திருப்புங்கள். 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை ஹாம் கால்சைன் (நிலைய அடையாளப் பெயர்) ஒன்றை மணப்பாட்டு மேட்டிலிருந்து கேட்டுப் பேசிய காலைப்பொழுது எனக்கு மறக்காது.

இரண்டு ரிசீவர் இருப்பதன் முழுப் பயனும் விண்வெளி நிலையத்தில்தான் தெரிந்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டருக்கு (கேட்டதை வேறு அதிர்வெண்ணில் திருப்பி அனுப்பும் கருவி) 145.990இல், அதைத் திறக்கும் 67 ஹெர்ட்ஸ் டோனோடு பேசி, 437.800இல் கேட்க வேண்டும். ஒன்றில் பேசும்போதே மற்றதில் கேட்கும் செட்டாக இருந்தால், உங்கள் குரல் மேலே போய்த் திரும்புவதை நீங்களே கேட்கலாம். எல்லா இரட்டை பேண்ட் செட்டும் இதைச் செய்யாது, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நிலையம் நெருங்கும்போதும் விலகும்போதும் அதன் வேகத்தால் வரும் டாப்ளர் விளைவில் மேல் பேண்டில் அதிர்வெண் 10 கிலோஹெர்ட்ஸ் வரை நகரும். அதனால் 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்து சேனலை மெமரியில் போட்டு, ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வருகிறேன். எஸ்ஓ-50 செயற்கைக்கோளுக்கும் 436.795ஐச் சுற்றி இதே முறை. கார் கம்பி நேர் உச்சிக்குச் சரியாகக் கேட்காது; அடிவானத்துக்குச் சற்று மேலே இருக்கும் நேரம்தான் நமக்கு.

2023 டிசம்பர் 17, 18 மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. எங்களுக்குக் கரண்ட் இல்லை, பிறகு போனும் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ஹாம் நண்பர் மாடியில் ஆன்டெனா வைத்திருக்கிறார். பாளையங்கோட்டையில் மேடான இடத்தில் காரை நிறுத்தி அவரைக் கூப்பிட்டேன். நேர்தூரம் 22 கிலோமீட்டர் இருக்கும். இரைச்சலுக்கு நடுவில் குரல் வந்தது. முழு 50 வாட்டும் எனக்கு உண்மையாகவே தேவைப்பட்ட நேரம் அது. அவர் வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற செய்தியை, ஊரில் போன் சிக்னல் கிடைத்த ஓர் இடத்திலிருந்து வெளியூரில் உள்ள அவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னோம். நாங்கள் செய்தது அவ்வளவுதான். அந்த இரவில் அதுவே பெரிதாக இருந்தது.

அதிலிருந்து ஒரு கணக்கு: கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் செட் அரை ஆம்பியர் அளவு இழுக்கும். 45 ஆம்பியர்-ஹவர் கார் பேட்டரியில் இரண்டு நாளுக்கு 24 போய்விடும், அதற்குமேல் வண்டி ஸ்டார்ட் ஆவது சந்தேகம். ஐப்பசி பிறக்கும் முன் தனியாக ஒரு பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி வைத்துவிடுவது என் வழக்கம்.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில. செட் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை அனுப்பினாலும் இந்தியாவில் நமக்கு 144–146 மட்டும்தான். மேல் பேண்டில் 434–438. மெமரியில் ஆரம்பத்திலேயே இந்த எல்லைக்குள் மட்டும் போட்டுவிட்டால் பயணத்தில் கவலை இல்லை. சர்ப் (CHIRP) என்ற இலவச மென்பொருள் பல செட்டுகளுக்கு இதை எளிதாக்கும். அமெரிக்கப் பதிப்பில் தானியங்கி ரிப்பீட்டர் ஷிஃப்ட் (அனுப்பும் அதிர்வெண்ணைத் தானாகத் தள்ளிவைக்கும் வசதி) நமக்குப் பொருந்தாது. 600 கிலோஹெர்ட்ஸ் கழித்தலைக் கையால் போட்டுச் சேமியுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் ஓடும் பஸ் சத்தத்துக்கு முன் எடுபடாது, வெளி ஸ்பீக்கருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பழைய செட் வாங்குவதானால் விற்பவர் முன்னாலேயே டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கிக்கொள்ளும் கருவி) சில நிமிஷம் முழு பவரில் ஓடவிட்டு, பவர் இறங்குகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, இரண்டு பேண்டும் ஒருசேரக் கேட்கிறதா என்று பாருங்கள். ஹாம் லைசென்ஸ் நகலைக் கேட்காமல் விற்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.