டார்க் சென்சார்: ஹாலா இண்டக்டிவா, இரண்டா நான்கா?

எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்குக்கு எந்த டார்க் சென்சார் (ஸ்டீயரிங்கைக் கை எவ்வளவு விசையோடு திருப்புகிறது என்று அளக்கும் கருவி) நல்லது என்று பேச்சு வந்தாலே, துல்லியம் எவ்வளவு, விலை எவ்வளவு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு. அது கெட்டுப்போனால் ஸ்டீயரிங் மோட்டாரை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியுவுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த பிறகு அது என்ன செய்யும்? ஸ்டீயரிங் மோட்டார் இந்த சென்சார் சொல்வதை நம்பித்தான் திருப்புகிறது, அதனால் சென்சார் பொய் சொன்னால் ஓட்டுபவர் நினைக்காத பக்கம் வண்டி இழுக்கும். வண்டி எலக்ட்ரானிக்ஸின் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரத்தின்படி பார்த்தால், இப்படித் தானாகத் திரும்புகிற ஆபத்துக்கு வழக்கமாகக் கொடுக்கப்படுவது ஏசில் டி (ASIL D), இருப்பதிலேயே கடுமையான பாதுகாப்பு நிலை.

அடிப்படை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்டீயரிங் தண்டின் நடுவில் ஒரு மெல்லிய டார்ஷன் பார் இருக்கும். கை கொடுக்கிற விசைக்கு அது சில டிகிரி முறுக்கிக்கொள்ளும், ஒரு டிகிரிக்குச் சுமார் 2 முதல் 2.5 நியூட்டன் மீட்டர் என்ற அளவில். அந்த முறுக்கத்தை அளப்பதுதான் சென்சாரின் வேலை. பார் உடைந்தாலும் இரு பக்கத் தண்டும் மெக்கானிக்கல் ஸ்டாப்பில் முட்டிக்கொள்வதால் கைக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடாது. ஆக, கவலைப்பட வேண்டியது அளக்கிற எலக்ட்ரானிக்ஸைப் பற்றி.

பழைய பொட்டென்ஷியோமீட்டர் வகையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இதில் மின்தடைத் தடத்தின்மேல் பிரஷ் உரசி நகர்ந்து அளவு சொல்கிறது, உரசினால் தேயும். நேர்சாலையில் ஸ்டீயரிங் பெரும்பாலும் நடுவிலேயே சின்னச் சின்னதாக அசைவதால், தேய்மானமும் மிகத் துல்லியம் தேவைப்படுகிற அந்த நடு இடத்திலேயே வரும். புது வடிவமைப்பில் இதை எடுக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இன்றைய உண்மையான போட்டி ஹாலுக்கும் இண்டக்டிவுக்கும் இடையில்தான். ஹால் வகையில் தண்டின் ஒரு பக்கம் பல துருவக் காந்த வளையம், மறுபக்கம் பல் வைத்த இரும்பு வளையங்கள். பார் முறுக்கும்போது வளையங்களுக்குள் போகிற காந்தப்புலம் மாறும், அதை இரண்டு ஹால் ஐசிகள் (காந்தப்புலத்தை மின் சிக்னலாக மாற்றும் சில்லுகள்) படிக்கும். மலிவு, நன்றாகப் பழகிய தொழில்நுட்பம். ஆனால் ஐசிதான் இரண்டு, காந்தம் ஒன்றே; அது நழுவினால் இரண்டு ஐசியும் சேர்ந்தே தப்பு சொல்லும். அதிலும் மின்சார வண்டிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும் கேபிள் அருகே போனால், அதன் காந்தப்புலம் இரண்டு ஐசியையும் ஒரே நேரத்தில் ஏமாற்றலாம். கவசமும், இரண்டு இடத்தில் அளந்து வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் முறையும் இதைக் குறைக்கும், ஆனால் அதற்கென்று வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இண்டக்டிவ் வகையில் காந்தமே கிடையாது. சர்க்யூட் போர்டில் அச்சடித்த காயில்கள், எதிரே சுழலும் உலோகத் தகடுகள். தகட்டில் எழும் சுழல்மின்னோட்டம் காயில்களுக்கிடையே உள்ள சிக்னலை மாற்றும், அதிலிருந்து கோணம் கிடைக்கும். பக்கத்துக் கேபிளின் காந்தப்புலம் இதைப் பெரிதாக அசைக்காது, காந்தம் வலுவிழக்கும் பிரச்சினையும் இல்லை. அதனால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஒன்று, தண்டில் பொருத்திய தகடு நழுவினால் ஹாலில் காந்தம் நழுவின அதே கதைதான் இங்கேயும். அந்தப் பொருத்தத்தை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிக்னல் சரிபார்க்கும் முறையைப் பாருங்கள். அனலாக் சென்சாரில் (அளவை வோல்ட்டாகவே அனுப்புவது) பரவலான ஏற்பாடு, இரண்டு சிக்னலில் ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், கூட்டுத்தொகை எப்போதும் 5 வோல்ட். நடுவில் 2.5, 2.5. வலப்பக்கம் திருப்பினால் 3.1, 1.9. ஒரு சிக்னல் 2.5லேயே உறைந்துவிட்டால் கூட்டு 4.4, ஈசியு பிடித்துவிடும். சரி, காந்தம் கொஞ்சம் நழுவி 2.7, 2.3 என்று ஆனால்? கூட்டு 5. எல்லாம் சரி என்று நம்பி, யாரும் திருப்பாமலே மோட்டார் வலப்பக்கம் உதவிக்கொண்டிருக்கும். இன்னொன்று, இணைப்பியில் ஈரம் புகுந்து இரண்டு சிக்னல் கம்பிகளும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆனால், இரண்டும் சராசரியாகி 2.5 பக்கத்தில் வந்து நிற்கும். கூட்டு மறுபடியும் 5! எவ்வளவு திருப்பினாலும் உதவி வராது, எச்சரிக்கை விளக்கும் எரியாது. வெறும் கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிற எந்த ஏற்பாட்டிலும் இந்த ஓட்டை இருக்கிறது. சென்ட் (SENT, சென்சார் அளவை எண்களாக அனுப்பும் முறை) போன்ற டிஜிட்டல் வழியில் இந்த ஷார்ட் ஓட்டை அநேகமாக அடைபட்டுவிடும், ஷார்ட் ஆன உடனே செய்தியோடு வரும் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சி தப்பாகி செய்தியே படிக்க முடியாமல் போகும். அனலாகா டிஜிட்டலா என்று கேட்டால் எனக்கு யோசிக்கவே தேவையில்லை. ஆனால் நழுவிய காந்தத்தை சென்ட்டும் காட்டிக்கொடுக்காது, அதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் சிக்னல்களின் எண்ணிக்கை. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தெரியும், யார் என்று தெரியாது. அதனால் இரட்டை சென்சார் அமைப்பில் ஈசியு செய்யக்கூடியது பெரும்பாலும் ஒன்றே ஒன்று, உதவியை மெல்லக் குறைத்து நிறுத்துவது. பாதுகாப்பான நிலை என்று சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் கனமான வண்டியில் மெதுவாக வளைவில் போகும்போது ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகிவிட்டால், அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு அது பாதுகாப்பு இல்லை. 2014 மார்ச் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் சுமார் 13 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததே உதவி திடீரென்று நின்றுபோகலாம் என்பதற்காகத்தான்.

மூன்று சிக்னல் இருந்தால் பெரும்பான்மை வைத்துப் பொய்யரைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் மூன்றுக்கும் சப்ளை ஒன்று, இணைப்பி ஒன்று என்றால் பெரும்பான்மைக்கு என்ன மதிப்பு? நான்கு சிக்னலை இரண்டு ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் தனி சப்ளை, தனி மைக்ரோகண்ட்ரோலர், மோட்டாரில் பாதிச் சுற்று என்று கொடுப்பது எனக்கு இதைவிடப் பிடிக்கிறது. ஒரு பாதி தன்னைத்தானே தவறு என்று கண்டு ஒதுங்கினால், மற்றது பாதி அளவு உதவியோடு ஓடிக்கொண்டே இருக்கும். செலவு கூடும், இடம் கூடும். கைக்கும் சக்கரத்துக்கும் இடையே தண்டே இல்லாத ஸ்டீர் பை வயர் வண்டிகளிலும், ஓட்டுபவர் கையெடுத்துவிட அனுமதிக்கிற தானியங்கி ஓட்டத்திலும் வெறும் இரட்டைக்கு இடமே இல்லை என்பேன்.

சாதாரண வண்டியில் நான்குக்குக் காசு இல்லை என்றால் ஒரு நடுவழி உண்டு. சென்சார் போன பிறகு ஸ்டீயரிங் கோணம், வண்டி வேகம், மோட்டார் மின்னோட்டம் இவற்றை வைத்து மதிப்பிட்டு, குறைந்த உதவியாவது தருவது. ஸ்டீயரிங்கின் உணர்வு மோசமாகத்தான் இருக்கும், ஆனால் பார்க்கிங் வேகத்தில் சக்கரம் திரும்பும். இரட்டை சென்சார் வாங்கப் போகிறவர்கள் மென்பொருளில் இது இருக்கிறதா, எந்த வேகம் வரை சோதித்தார்கள் என்று சப்ளையரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.