பலா நிலைவாசலுக்காகச் சென்ற ஒரு மரவாடி

பண்ருட்டி அருகே உள்ள ஒரு மரவாடியில், கடலூர் வீட்டின் நிலைவாசலுக்காகச் சென்ற மாதம் பலா மரம் வாங்கினேன். நுழைந்ததும் ஆளுயரத்துக்குச் சவுக்குக் கழிகள். நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்து, சாரத்திற்கும் காகித ஆலைக்கும் போகும் இச்சவுக்கு நம் மண்ணின் மரமன்று, இக்கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் வீரை, காயா, பாலை மரங்கள் பெரும்பாலும் கோயில் காடுகளில் மட்டுமே எஞ்சியிருப்பதால், அவற்றை மரவாடியில் தேட வேண்டியதில்லை, தேடவும் கூடாது.

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலுக்குத் தப்பிய பலா மரம் என்று உரிமையாளர் சொன்னதை, அடிமரத்தின் சுற்றளவைப் பார்த்து நம்பினேன். அறுத்தபோது மஞ்சள் கிழங்கைப் போலிருந்த பலகை, இரண்டு வாரங்களில் தேன் நிறத்துக்கு மாறத் தொடங்கியது. இழைப்பும் சுத்தம்.

குறை அளவையில்தான். பட்டையையும் சேர்த்தே கன அடி கணக்கிட்டார்கள். விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு இருந்த வெளிர் மரத்தை, பூச்சி அரிக்கும் என்று ஆசாரி செதுக்கி எறிந்துவிட்டார். ஈரம் முழுதும் வற்றாத ஒரு நிலைக்கால் இலேசாக முறுக்கிக்கொண்டது. மாற்றித் தந்தார்கள், வண்டி வாடகை மட்டும் என்னுடையது.

'பர்மா தேக்கு' என்று எழுதியிருந்த அடுக்கைக் காட்டி, மியான்மர் 2014-லேயே உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டதே என்றேன். "ஆப்பிரிக்கத் தேக்குதாங்க சார்" என்று சிரித்தார். பலாவுக்கு மட்டும் போகலாம்.