கரண்ட் வந்து வந்து போகும் ஊரில் எந்த ஸ்மார்ட் ஹோம்?

மார்த்தாண்டம் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் நண்பர் ஒருவர் துபாயிலிருந்து கேட்டிருந்தார்: இருக்கும் ஸ்மார்ட் சாமானை எல்லாம் கழற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் அலெக்சாவா, கூகுள் ஹோமா, ஆப்பிளா, வீட்டிலேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஓடும் இலவச மென்பொருளான ஹோம் அசிஸ்டண்டா? நான் முதலில் பார்ப்பது ஆப்பை அல்ல. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது வீட்டிலுள்ள சாதனம் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பதைத்தான்.

ஆடிக் காற்றில் நம் குமரி மாவட்டத்தில் கரண்ட் ஒரேயடியாகப் போவதில்லை. தென்னை மட்டை கம்பியில் உரசும், விளக்கு நாலைந்து முறை அணைந்து எரியும், பிறகுதான் போகும். பல ஸ்மார்ட் பல்புகளுக்கு இப்படி அடுத்தடுத்து அணைத்துப் போடுவதுதான் ரீசெட் கட்டளை. காற்றடித்த ராத்திரியில் பல்பு தன் இணைப்பை மறந்துவிட்டு, பேரிங்குக்காக, அதாவது மறுபடி இணைப்பதற்காக, மினுக்கிக்கொண்டே கிடக்கும். ரீசெட் ஆகாமல் தப்பிய பல்போ, கரண்ட் வந்ததும் இரவு இரண்டு மணிக்கு முழு வெளிச்சத்தில் எரியும். இத்தனை காலமாக எனக்கு ஆறாத கோபம் இதுதான். கரண்ட் திரும்பினால் 'அணைந்தே இரு' அல்லது 'முன்பிருந்தபடி இரு' என்று சொல்லும் அமைப்பு, ஸ்மார்ட் சாதனங்கள் பேசிக்கொள்ளும் பொதுத் தரங்களான ஜிக்பியிலும் (வைஃபை இல்லாத தனி ரேடியோ) மேட்டரிலும் தரத்திலேயே உண்டு. அதை வைக்காமல் பல்பு விற்பது நியாயமே இல்லை. ஜிக்பி பல்பு வாங்கும் முன், ஜிக்பி சாதனங்களைப் பட்டியலிடும் ஜிக்பி2எம்க்யூடிடி தளத்தில் அந்த மாடலின் பக்கத்தைத் திறந்து, 'பவர் ஆன் பிஹேவியர்' என்ற இந்த அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

அதனால்தான் பல்பே வேண்டாம், சுவிட்சுக்குப் பின்னால் ரிலே மாட்யூல் (ஆப்பிலிருந்தும் இயக்கக்கூடிய சின்ன சுவிட்ச்) வையுங்கள் என்கிறேன். சாதாரண எல்இடி போதும். அம்மா வழக்கம்போல சுவிட்சைத் தட்டலாம். இதற்கு நியூட்ரல் வேண்டும். பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் நியூட்ரல் இருக்கும். மாடிப்படி, குளியலறை வாசல் போல வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள பெட்டியில் பெரும்பாலும் ஃபேஸ் மட்டும்தான். நியூட்ரல் வேண்டாத மாட்யூலும் கிடைக்கிறது. ஆனால் அது தன் தேவைக்கு பல்பு வழியாகவே சிறிது கரண்ட் எடுப்பதால், அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரியலாம். ஹோல்டர் பக்கம் பைபாஸ் கப்பாசிட்டர் போட்டால் சரியாகும்.

கிணற்று மோட்டார் தனி விஷயம். ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான் எடுக்கும் என்று பார்த்து 10 ஆம்பியர் ரிலேயில் நேரடியாகக் கொடுத்துவிடுகிறார்கள். கிளம்பும் நொடியில் அது பல மடங்கு இழுக்கும், ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஆப்பில் எத்தனை முறை தட்டினாலும் மோட்டார் நிற்காது. மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்சுக்குக் கான்டாக்டர் என்று பெயர். ரிலே அதன் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் இயக்கட்டும். மோட்டாருக்கு 'முன்பிருந்தபடி' கூடவே கூடாது, 'அணைந்தே இரு' மட்டும்தான். டேங்க் நிறையும் நேரத்தைக் கணக்கிட்டு, தானே அணையும் டைமரை அந்தச் சாதனத்துக்குள்ளேயே வையுங்கள். நெட் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும்.

இனி ஹோம் அசிஸ்டண்டும் ஜிக்பியும். மழையில் ரப்பர் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தாலும் வீடு தன்பாட்டுக்கு இயங்கும். இந்தச் சுகத்துக்கு ஈடு எதுவும் இல்லை. ஜிக்பி சிக்னலைப் பிடிக்கக் கம்ப்யூட்டரில் செருகும் டாங்கிளை ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள், யூஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல் சிக்னலைக் கெடுக்கும். வைஃபை 1 அல்லது 6-ஆம் சேனலில் இருந்தால் ஜிக்பிக்கு 25-ஆம் சேனல் ஒத்துவரும். பழைய வீட்டின் தடித்த வெட்டுக்கல் சுவரைத் தாண்ட, நடுவில் கரண்டில் ஓடும் ஜிக்பி சாதனங்கள் வேண்டும், அவைதான் சிக்னலைக் கடத்தும். பேட்டரி சென்சார் கடத்தாது. இங்கே முக்கியமான ஒன்று: அந்தக் கடத்தும் சாதனங்கள் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் அவை அணைந்துவிடும், அவற்றைப் பிடித்திருந்த கதவு சென்சார்கள் தொங்கிப்போகும். சில சென்சார்கள் வேறு வழி தேடாமல் அப்படியே நின்றுவிடும், திரும்ப பேரிங் செய்தால்தான் உண்டு.

குளச்சல், முட்டம் போலக் கடலோரம் என்றால் வெளிச்சுவரில் சென்சாரே வைக்காதீர்கள். உப்புக் காற்றில் பேட்டரி முனை பச்சை பிடித்துவிடும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, நண்பருக்கு நான் ஹோம் அசிஸ்டண்டைச் சொல்லவில்லை. வீட்டில் இருப்பது வயதான இரண்டு பேர். அப்டேட் செய்யவும் பேக்கப் எடுக்கவும் அங்கே ஆள் கிடையாது. மெமரி கார்டு கெட்டால் துபாயிலிருந்து என்ன செய்வார்? மேட்டர் தரத்தில் வரும் வைஃபை ரிலேக்களை எடுங்கள். 2022 அக்டோபரில் வெளியான தரம், ஒரே சாதனத்தை அலெக்சாவிலும் கூகுளிலும் சேர்க்கலாம், வீட்டு வைஃபைக்குள்ளேயே பேசிக்கொள்ளும். நாளைக்கு ஹோம் அசிஸ்டண்ட் வைத்தாலும் அதே சாதனங்கள் அதில் சேரும். சாதனத்தைச் சேர்க்கக் கேட்கும், அதன் மேலேயே உள்ள 11 இலக்க எண்ணைச் சுவிட்ச் பெட்டிக்குள் மாட்டுவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள், ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போடுங்கள். எந்தக் கம்பெனி என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சுவர் பூசுவதற்குள் வயரிங்காரரிடம் சொல்லி எல்லாப் பெட்டிக்கும் நியூட்ரல் இழுத்துவிடுங்கள், பெட்டியும் ஆழமானதாக இருக்கட்டும்.