சுவிட்சுக்கு நேரம் எங்கிருந்து வர வேண்டும்? கையால், இணையத்திலிருந்து, ஆலைக்குள்ளிருந்து: ஓர் அலசல்

பெருந்துறை சிப்காட்டிலோ திருப்பூரிலோ ஓர் ஆலைக்குள் போனால், பஞ்சிங் கருவி சரியான நேரம் காட்டுகிறதா என்று கேட்க ஆள் இருக்கும். ஐந்து நிமிடம் தவறினால் சம்பளக் கணக்கில் சண்டை வரும். கேமராவின் நேரத்தையும் அவ்வப்போது சரிபார்ப்பார்கள். இவை அனைத்தையும் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச், பஞ்சுத் தூசி படிந்த ரேக்குக்குள் எந்த ஆண்டில் இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டிய நாள் ஒன்று வரும். நான் பராமரிக்கும் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் இரவு ஷிப்டின்போது கட்டிங் பிரிவின் நெட்வொர்க் முழுவதும் நின்றுபோனது. கேபிள் ஒன்றின் இரு முனைகளையும் யாரோ ஒரே சுவிட்சில் செருகியிருந்தார்கள். அந்த நேரத்தில் ரேக் பக்கம் போய்வந்தவர்கள் நான்கைந்து பேர் கேமராவில் தெரிகிறார்கள். அந்த வளையம் (லூப்) சரியாக எத்தனை மணிக்கு உண்டானது என்பதைச் சுவிட்சின் லாக்தான் (நிகழ்வுப் பதிவு) சொல்ல வேண்டும். லாக்கைத் திறந்தால் எல்லா வரியிலும் 1993 மார்ச் 1. கேமராவோடு அதை எப்படிப் பொருத்துவது?

அந்தத் தேதி தற்செயலாக வந்ததல்ல. சிஸ்கோ நிறுவனத்தின் சிறிய அக்சஸ் சுவிட்சுகள் (கணினி, கேமரா போன்றவை நேராகச் செருகப்படுபவை) பலவற்றில் பேட்டரியுடன் கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய்வந்தால் 1993 மார்ச் 1, நள்ளிரவிலிருந்து எண்ணத் தொடங்கும். பழைய எச்பி புரோகர்வ் சுவிட்சுகள் 1990 ஜனவரிக்குப் போகும். மைக்ரோடிக் கருவிகள் பல 1970-க்கே போய்விடும். சிஸ்கோவில் ‘ஷோ கிளாக்’ கட்டளை கொடுத்துப் பார்க்கும்போது நேரத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால், ‘இந்த நேரத்தை நம்பாதே’ என்று சுவிட்சே சொல்கிறது என்று பொருள்.

இதற்கு நம் பக்கத்தில் பெரும்பாலோர் செய்வது, ‘கிளாக் செட்’ கட்டளையில் நேரத்தைக் கையால் கொடுப்பது. அரை நிமிட வேலை, செலவில்லை, ஃபயர்வாலை (இணைய வாசலில் நிற்கும் காவல் கருவியை) தொட வேண்டியதில்லை. ஆனால் சுவிட்சின் அமைப்புகளை (கான்ஃபிகரேஷன்) சேமித்தாலும் இந்த நேரம் அதற்குள் போய் உட்காராது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று காலையில் போன மின்சாரம் மாலையில் திரும்பும்போது, தளத்தின் கடைக்கோடியில் உள்ள சுவிட்சுகள் பழையபடி 1993-இல் எழுந்திருக்கும். ஜெனரேட்டர் இருக்கிறதே என்பீர்கள். அது பிடிப்பதற்குள் போகும் சில விநாடிகள் போதும், யுபிஎஸ் பேட்டரி செத்துக் கிடக்கும் சுவிட்ச் மறுபடி தொடங்குவதற்கு. மின்சாரமே போகாவிட்டாலும் குவார்ட்ஸ் படிகம் தன் போக்கில் விலகும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்றால் நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். இருபது சுவிட்சுகள் இருபது திசையில் விலகினால் எந்த லாக்கையும் எதனோடும் ஒப்பிட முடியாது.

கையால் வைப்பவர்கள் வரிசையிலும் கவனமாக இருக்க வேண்டும். முதலில் நேர மண்டலம், பிறகு நேரம். நேரத்தை வைத்துவிட்டு மண்டலத்தை மாற்றினால் காட்டும் மணி ஐந்தரை மணி நேரம் தாவும். சிஸ்கோவில் 5, 30 என்று இரண்டு எண்களையும் தர வேண்டும். 30-ஐ விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம், அரை மணி நேரப் பிழைக்கு முதல் சந்தேகம் அங்கேதான். புரோகர்வ் நிமிடக் கணக்கில் 330 என்று கேட்கும். ஜுனிப்பர் நிறுவனச் சுவிட்சுகளில் ‘ஏஷியா/கொல்கத்தா’ என்று ஊர்ப் பெயரே போதும். மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அடுத்த வழி என்டிபி, அதாவது நேர சர்வரை நெட்வொர்க் வழியாகக் கேட்டுக் கருவி தன் கடிகாரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் முறை. பின்னாளில் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் 1985-இல் வரையறுத்த நெறிமுறை. இன்று புழங்கும் நான்காம் பதிப்பு 2010-இல் ஆவணமானது. யுடிபி 123-ஆம் போர்ட்டில் பேசும். ஒவ்வொரு சுவிட்சும் நேராக இணையத்திலுள்ள நேர சர்வரைக் கேட்கும்படி அமைத்தால், மின்சாரம் எத்தனை முறை போய்வந்தாலும் தானாகச் சரியாகிவிடும். சில மில்லி விநாடி முதல் சில பத்து மில்லி விநாடி வரை பிழை இருக்கலாம். ஆலைக்கு அது தாராளம். சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2022 ஏப்ரல் 28-இல், கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு, கணினி அமைப்புகளின் கடிகாரங்களை ஒத்திசைக்கச் சொல்கிறது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரைதான் அவகாசம் கிடைத்தது.

ஆனால் எல்லாச் சுவிட்சையும் வெளியே அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. சுவிட்சுகளின் நிர்வாக நெட்வொர்க்குக்கு இணையத் தொடர்பே இல்லாமல் இருப்பதுதான் நல்லது. நேரத்துக்காக ஃபயர்வாலில் இருபது ஓட்டை போட்டு, ஒவ்வொன்றுக்கும் டிஎன்எஸ்ஸும் (பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை) கொடுத்து, லைன் அறுந்த அன்று இருபதும் ஒருசேரத் தவிப்பதில் என்ன லாபம்?

ஆகவே என் கை மூன்றாவது வழிக்குத்தான். ஃபயர்வாலோ, மற்ற சுவிட்சுகள் வந்து சேரும் மையமான கோர் சுவிட்சோ, ஆலைக்குள் நல்ல யுபிஎஸ் உள்ள கருவிகளாக இரண்டைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் வெளியே நேரம் கேட்க வையுங்கள். மற்ற சுவிட்சுகள், கேமரா ரெக்கார்டர், பஞ்சிங் கருவி எல்லாம் அந்த இரண்டைக் கேட்கட்டும். வெளி லைன் சில மணி நேரம் போனாலும் உள்ளே எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தைத்தான் காட்டும், அது உண்மை நேரத்திலிருந்து துளி விலகினால்கூட. தகராறைத் தீர்க்கத் தேவைப்படுவது அந்த ஒற்றுமைதான். வெளியே கேட்கும் கருவிகளுக்கு மட்டும் நான்கு நேர மூலங்களாவது கொடுங்கள்; இரண்டே கொடுத்து அவை முரண்பட்டால் எது பொய் என்று கருவியால் முடிவு செய்ய முடியாது. விண்டோஸ் சர்வரையே மூலமாக வைக்கும் ஆசை பலருக்கு உண்டு. சில சிஸ்கோ கருவிகள் அதன் நேரத்தில் நிச்சயமின்மை அதிகம் என்று ஏற்க மறுக்கும். பழி என்டிபி மேல் விழும்.

ஜிபிஎஸ் ஆன்டெனா வைத்த நேர சர்வர், மைக்ரோ விநாடிக்கும் கீழே துல்லியம் தரும் பிடிபி என்ற நேர நெறிமுறை ஆகியவற்றை விற்க வருபவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். துணை மின்நிலையப் பாதுகாப்புக் கருவிகளுக்கு அவை தேவைப்படலாம். பனியன் தைக்கும் தளத்துக்கு வேண்டாம்.

அமைத்து முடித்ததும் சில நிமிடம் பொறுத்து ‘ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ்’ கொடுங்கள். அதில் ‘ரீச்’ என்ற பத்தியில் 377 வந்திருக்க வேண்டும். அது எட்டடிமான எண். கடைசி எட்டு முறை கேட்டதற்கும் பதில் வந்தது என்று அர்த்தம். 0 என்றால் பதிலே வரவில்லை; வழியில் 123-ஆம் போர்ட்டை யாரோ அடைத்திருக்கலாம். பதில் வந்தும் ஸ்ட்ராட்டம் (மூல கடிகாரத்திலிருந்து எத்தனையாவது படி என்ற எண்) 16 என்றால் மூலத்துக்கே நேரம் தெரியவில்லை, சுவிட்சைக் குறை சொல்லிப் பயனில்லை. ஜுனிப்பரில் வித்தியாசம் 1,000 விநாடிக்கு மேல் போனால் என்டிபி ஒத்திசையாது; ‘செட் டேட் என்டிபி’ கொடுத்து ஒருமுறை அருகே கொண்டுவர வேண்டும். கையால் வைக்கும் பழக்கத்துக்கு இன்னும் மிச்சமிருக்கும் இடம் இதுவும், வெளியுலகத் தொடர்பே இல்லாத ஒற்றைச் சுவிட்சும்தான்.

லாக்கில் இந்திய நேரமா, யுடிசியா (உலகப் பொது நேரம்) என்பதிலும் கட்சி பிரிகிறது. வெளிநாட்டில் கிளை இருந்தால் யுடிசி. கோவை, கரூர், நாமக்கல்லுக்குள் முடிந்துவிடும் நிறுவனத்துக்கு இந்திய நேரமே வசதி; கோடைக்காலத்தில் மணியை மாற்றும் வழக்கம் நமக்கு இல்லை, லாக்கைப் படிக்கப்போவதும் ஷிப்டு கணக்குப் பார்க்கும் சூப்பர்வைசர்தான். எதை வைத்தாலும் ஒவ்வொரு வரியிலும் மண்டலத்தின் பெயர் தெரியும்படி ‘ஷோ-டைம்சோன்’ சேர்த்துவிடுங்கள். அது இல்லாத லாக்கை ஆறு மாதம் கழித்து எடுத்தால், இரவு ஒன்பதா அதிகாலை இரண்டரையா என்று வைத்தவருக்கே தெரியாது.