குப்பி பார்க்கும் கேமராவுடன் ஆறு வருடம்

ஊசிமருந்துக் குப்பிகளில் தூசி, கண்ணாடித் துகள், விரிசல் இருக்கிறதா என்று கேமராவால் சோதிக்கும் இயந்திரத்தை ஆறு வருடமாக ஓட்டி வருகிறேன். அதற்கு முன்பு எல்லாம் கண்தான். வெள்ளைப் பின்னணியில் 5 விநாடி, கறுப்புப் பின்னணியில் 5 விநாடி என்று ஒவ்வொரு குப்பியையும் பார்ப்போம். கொஞ்ச நேரத்திலேயே கண் சோர்ந்துவிடும். அந்த வேலையைச் செய்தவன் என்பதால் இயந்திரம் வந்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

அது வேலை செய்யும் விதம் அழகானது. குப்பியை வேகமாகச் சுழற்றிச் சட்டென நிறுத்தும். கண்ணாடி நின்றுவிடும், உள்ளே மருந்து மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் வரிசையாகப் படமெடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடும். நகர்ந்தது துகள், நகராதது கண்ணாடிமேல் உள்ள கீறல்.

சிக்கல் என்னவென்றால் காற்றுக்குமிழியும் நகரும். முதல் சில மாதங்கள் நல்ல குப்பிகளே ரிஜெக்ட் பெட்டியில் குவிந்தன. சுழற்சி வேகம் அதிகமானால் நடுவில் விழும் சுழி அடிவரை இறங்கிக் குமிழியை உண்டாக்குகிறது என்று புரிந்ததும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தோம். ரிஜெக்ட் குறைந்தது. ஆனால் இயந்திரத்தைச் சோதிப்பதற்காக வைத்திருக்கும் குறைபாடுள்ள மாதிரிக் குப்பிகளை ஓட்டியபோது, அடியில் கிடந்த கண்ணாடித் துகள் மேலே எழும்பாமல் தப்பிவிட்டது. அன்றைக்கு எனக்கு உடம்பே நடுங்கியது. அப்படியொரு குப்பியின் மருந்து ஒரு நோயாளியின் ரத்தக் குழாய்க்குப் போயிருக்கலாம். பழைய வேகத்துக்கே திரும்பினோம். நிரப்பிய குப்பிகளைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்திருந்து, அப்புறம் இயந்திரத்துக்கு அனுப்பினோம். குமிழித் தொல்லை பெருமளவு அடங்கியது. ரிஜெக்டைக் குறைக்க இயந்திரத்தின் கூர்மையில் கைவைக்காதீர்கள், முதலில் குப்பி வரும் வழியைப் பாருங்கள்.

விளக்குக்கும் அதே கவனம் வேண்டும். முடி, ரப்பர் துணுக்கு போன்றவை பின்னாலிருந்து வரும் ஒளியில் கருப்பாகத் தெரியும். கண்ணாடித் துகளோ குப்பியின் அடியிலிருந்து ஒளி கொடுத்தால்தான் மினுங்கும். எல்இடி மெல்ல மெல்ல மங்குவதால் தினமும் பார்க்கிற நமக்கு அது தெரியாது. இப்போது வாரம் ஒருமுறை ஒளி அளவைக் குறித்து வைக்கிறோம்.

மாதிரிக் குப்பிகளும் பழசாகும். ஒருமுறை இயந்திரம் துகளைத் தவறவிட்டதென்று உற்பத்தியை நிறுத்தித் தேடினோம். கடைசியில் பார்த்தால் துகள் ரப்பர் மூடிக்கு அடியில் போய் ஒட்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் அவற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறோம்.

உறைவுலர்த்திய மருந்துக்கு, அதாவது உறையவைத்து ஈரத்தை நீக்கிக் கட்டியாக்கிய மருந்துக்கு, இரண்டு வருடமாக டீப் லேர்னிங் மாடல் (படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள்) பயன்படுத்துகிறோம். மருந்துக் கட்டியில் இயல்பாக விழும் வெடிப்பையும் வெளித்துகளையும் பழைய மென்பொருளைவிட நன்றாகவே பிரிக்கிறது. ஆனால் கட்டிக்குள் புதைந்த துகள் எந்தக் கேமராவுக்கும் தெரியாது. மாடல் ஓடும்போது தானாகக் கற்றுக்கொள்ளவும் விடுவதில்லை. மறுபடி பயிற்சி கொடுத்தால் வாலிடேஷனையும் (சரியாக வேலை செய்கிறது என்று சோதித்து நிரூபிப்பதை) மறுபடி செய்ய வேண்டும், அதற்கான நாட்களை முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

எனக்கு அதிகம் பயன்பட்டது ரிஜெக்ட் கணக்குதான். ஒரு வாரம் கருப்புத் துணுக்குகள் திடீரென ஏறின. பிரித்துப் பார்த்ததில் மூடிகளை வரிசைப்படுத்தும் கிண்ணம் ரப்பரை உரசிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்த காலத்தில் இதைக் கண்டுபிடிக்கவே பல பேட்ச் ஆகியிருக்கும்.

கெட்டியான திரவ மருந்துகளுக்கு மட்டும் இன்னும் இது எனக்குத் திருப்தி தரவில்லை. அவற்றில் குமிழி சீக்கிரம் அடங்குவதில்லை. அந்தக் குப்பிகளை இன்றும் கண்ணால்தான் பார்க்கிறோம்.